வீட்டுக்குள் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டு வந்தவன் நான். கவிதை எழுதுபவன் அல்லன். போடியில் ஏலக்காய்க் கடையொன்றில் கணக்கெழுதிப் பிழைத்தவன். எஞ்சிய நேரத்தில் பொட்டிபுரத்து வீட்டில் ஒரு சிறு கருவியை வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்து பார்த்தவன். அந்த அனுபவத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது முதலில் தயங்கினேன். இலக்கிய மேடையில் இயந்திரத்தைப் பற்றி என்ன பேசுவது என்பது ஒரு தயக்கம். அந்த இயந்திரத்தால் நான் செய்துவிட்ட ஒரு தவறையும் சொல்ல நேருமே என்பது மற்றொன்று. தவறைச் சொல்வதால் ஒருவருக்கேனும் பயன் விளையுமாயின் சொல்வதே முறை என்று துணிந்து வந்திருக்கிறேன்.

அன்பர்களே, பாட்டு என்பது நம் பகுதிக்குப் புதிதன்று. இம்மலையடிவாரத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராசன், 1958 இல் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் நடுவே பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாடினார். அவருடைய தம்பியரும் அவருடன் ஊர் ஊராகச் சென்று பாடியவர்கள். அத்தம்பியருள் ஒருவரே 1976 இல் அன்னக்கிளி படத்தின் வழியாகத் தமிழகம் முழுவதும் அறிமுகமான இளையராஜா. அன்று பாட்டைச் சுமந்து சென்றவை தொண்டையும் ஆர்மோனியமும்தாம். பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் சென்னைக்குப் போக வேண்டும். போடியில் மீட்டர் கேஜ் ரயிலேறி, மதுரையில் இறங்கி, மறு ரயிலுக்குக் காத்திருந்து, சென்னை சேர்ந்த பின்னும் ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவு நமக்குத் திறக்குமா என்பது வேறு கேள்வி. வாடகையும் வாத்தியக்காரர் கூலியும் நம்மால் எட்ட முடியாத உயரத்தில் இருந்தன.

அந்தக் கதவை வீட்டுக்குள் கொண்டுவந்த கருவியைத்தான் பல்தட ஒலிப்பதிவுக் கருவி என்கிறோம். அதன் தத்துவம் எளியது. ஒரே நாடாவில் பக்கம் பக்கமாகப் பல தடங்கள் உண்டு. முதல் தடத்தில் தாளத்தைப் பதிகிறோம். அதைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் சுருதியையும், மூன்றாம் தடத்தில் பாட்டையும் பதிகிறோம். முடிவில் அனைத்தையும் வேண்டிய அளவில் கலந்து ஒரே பாட்டாக்குகிறோம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருந்து செய்த வேலையை, ஒரே ஆள் பத்து முறை உட்கார்ந்து செய்ய முடியும். அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் இம்முறையில் முன்னோடி. 1957 இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்காக எட்டுத் தடக் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தது. அது வீட்டு மேசையில் வைக்கக்கூடியதன்று. ஆளுயரப் பீரோவை ஒத்தது.

1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டது. நமக்கெல்லாம் பழக்கமான கேசட்டின் நாடா நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம் உடையது. ஏ பக்கத்துக்கு இரண்டு தடம், பி பக்கத்துக்கு இரண்டு தடம் என அதற்குள் நான்கு தடங்கள் இருந்தன. 1979 இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கருவியை வெளியிட்டது. ஏ பக்கம், பி பக்கம் என்ற பிரிவினையை நீக்கி, நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தியதுதான் அதன் சூட்சுமம். ஒலித் தரம் வேண்டி நாடாவை இருமடங்கு வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ ஒன்பதரை சென்டிமீட்டர் ஓட விட்டனர். ஆகவே அறுபது நிமிடக் கேசட் ஒன்றில் பதினைந்து நிமிடமே பதிய முடியும். மூன்று பாட்டுக்கு ஒரு கேசட் என்பது கணக்கு.

அக்கருவியின் பெருமையை உலகுக்குக் காட்டியவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பாடகர். 1982 சனவரியில், நியூ ஜெர்சியில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில், இரண்டு மைக்குகளை வைத்துக்கொண்டு சில பாடல்களைப் பதிந்தார். குழுவினருக்குக் கற்றுக்கொடுப்பதற்கான மாதிரிப் பதிவே அது. பிறகு அவற்றை முழுக் குழுவோடு பெரிய கூடத்தில் பதிந்து பார்த்தார். எல்லாம் இருந்தது, எது வேண்டுமோ அது இல்லை. முடிவில், உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டே நெப்ராஸ்கா என்ற பெயரில் அவ்வாண்டு இறுதிக்குள் இசைத்தட்டாக வெளிவந்தது. அறையின் தனிமை பாட்டுக்குள் இறங்கியிருந்தது. கூடத்தில் அதை மீண்டும் உண்டாக்க இயலவில்லை. கவிஞர்களாகிய உங்களுக்கு இது புதிய செய்தியன்று. இரவில் கைப்போக்கில் எழுதிய வரியைப் பகலில் திருத்தித் திருத்தி உயிரிழக்கச் செய்த அனுபவம் உங்களில் யாருக்கு இல்லை?

அத்தகைய நான்கு தடக் கருவி ஒன்று 1996 இல் என் வீட்டுக்கு வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய என் தாய்மாமன் மகன், அங்கே பழைய பொருளாக வாங்கியதை எனக்குக் கொடுத்தான். அதை மேசைமேல் வைத்த அன்றுதான் எங்கள் வீடு எவ்வளவு சத்தமானது என்பதை அறிந்தேன். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே கணவாய் வழியே இறங்கும் காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டே இருக்கும். காற்று ஓய்ந்தால் ஆட்டு மணி. ஆடு அடைந்தால் மின்விசிறி. அதையும் நிறுத்தினால் டியூப்லைட்டின் ரீங்காரம். கடைசிப் பேருந்து போன பின்பு, விளக்கை அணைத்துவிட்டு, கம்பளிகளைக் கொடியில் தொங்கவிட்டு, சேலைகள் நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னே மைக்கை நிறுத்திப் பதிவு செய்தோம். துணி, எதிரொலியை விழுங்கும். பெரிய கூடங்களில் சுவருக்குப் பஞ்சு வைப்பதும் இதற்காகத்தான்.

பின்னாளில் எங்கள் ஊர் அம்பரப்பர் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டம் வந்து, 2015 இல் மத்திய அமைச்சரவை ஒப்புதலும் கிடைத்தபோது, அறிவியலாளர்கள் சொன்ன காரணம் என்னை வியக்க வைத்தது. விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களின் சந்தடியில் நியூட்ரினோவின் மெல்லிய தடயத்தைப் பிரித்தறிய இயலாது. ஆகவே எத்திசையிலும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் பாறை சூழ்ந்த இடம் வேண்டும் என்றார்கள். எதிர்ப்பும் வழக்குகளுமாகச் சுரங்கம் தோண்டப்படாமலேயே அத்திட்டம் நின்றது. அதன் நன்மை தீமைகளை ஆராயும் மேடை இதுவன்று. மெல்லிய ஒன்றைக் கேட்க வேண்டுமானால் முதலில் இரைச்சலை விலக்க வேண்டும் என்ற அளவில், மலையைத் தேடிய அவர்களும் கம்பளியைத் தேடிய நானும் ஒரே தேவையில் இருந்தோம் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

நான் பதிவு செய்ய விரும்பியது என் தாயின் குரலை. ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போய்வந்தவர் அவர். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், தரையோடு படரும் சரங்களில் காய்க்கும். நாள் முழுவதும் குனிந்தும் குந்தியுமே பறிக்க வேண்டும். முதுகு வலியை மறக்க ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முடிவில் குலவை எழும். என் தாய் முன்பாட்டுக்காரி. எனக்கோ கருவி கிடைத்த உற்சாகம். முன்பாட்டை ஒரு தடத்திலும், பின்பாட்டை மற்றொரு தடத்திலும், குலவையை மூன்றாம் தடத்திலும் அவரே பாடினால் ஒரு தோட்டமே பாடுவது போல் இருக்கும் என்று விளக்கினேன். ஹெட்போனைக் காதில் மாட்டித் தம் குரலைத் தாமே கேட்டவர், அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்ப்பா, நானே பாடி நானே வாங்கிப் பாடி நானே குலவையும் போட்டா ஊருல சிரிக்க மாட்டாகளா? வாங்கிப் பாட ஆள் இல்லாத பாட்டு என்னப்பா பாட்டு?"

அன்று அதை ஒரு கிழவியின் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். பல்தடக் கருவியைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த விமரிசனம் அதுதான் என்பது பிறகே புரிந்தது. ஒரே ஆள் பத்துப் பேராகலாம். ஆனால் பத்துப் பேர் கூடியிருந்தபோது ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்ட அந்த உறவு, தனித்தனியே பதிந்து கலப்பதில் வருவதில்லை.

எப்படியோ கெஞ்சி, முன்பாட்டை மட்டும் ஒரு தடத்தில் பாட வைத்தேன். ஏழு நிமிடப் பாட்டு. அந்தக் கேசட்டை அடுத்த வீட்டுச் சாதாரணப் பிளேயரில் போட்டபோது, பாதி வேகத்தில் ஓடி, என் தாய் ஆண் குரலில் பாடினார். தெருவே கூடிச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

இனி என் தவறுக்கு வருகிறேன். நான்கு தடம் என்பது விரைவில் போதாமற் போகும். தாயின் குரல் ஒன்று, ஆர்மோனியம் ஒன்று, உடுக்கை ஒன்று என மூன்று தடங்கள் நிறைந்தன. எனக்கு இன்னும் புல்லாங்குழலும் வேண்டும், குழுவின் பின்பாட்டும் வேண்டும், குலவையும் வேண்டும். இதற்கு இக்கருவியில் ஓர் உபாயம் உண்டு. நிறைந்த மூன்று தடங்களையும் கலந்து, காலியாக உள்ள நான்காம் தடத்தில் பதிந்துகொள்வது. பிறகு அந்த மூன்றையும் அழித்து, புதிய வாத்தியங்களுக்கு இடமாக்கிக்கொள்வது. பெயர் பெற்ற கூடங்களிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்தார்கள். ஆனால் கலந்தது கலந்ததுதான். பாலில் தண்ணீரை ஊற்றிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஆர்மோனியத்தைக் கொஞ்சம் தூக்கலாகவே வைத்துக் கலந்தேன். என் வாசிப்பின் மீது எனக்கிருந்த ஆசை அது. கலந்த பின் மூல மூன்று தடங்களையும் அழித்தேன். அவற்றுள் என் தாயின் குரல் மட்டுமே இருந்த தடமும் ஒன்று. புல்லாங்குழல் வாசிக்க வருவதாகச் சொன்ன நண்பர் வரவே இல்லை.

2004 இல் என் தாய் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, உறவினர் கேட்டதற்காக அந்தக் கேசட்டைப் போட்டேன். ஆர்மோனியத்துக்குப் பின்னால், எங்கோ தொலைவிலிருந்து என் தாய் பாடினார். "சத்தத்தைக் கூட்டுப்பா, அத்தை பாடுறது கேக்கல" என்றார் ஒருவர். கூட்டினேன். ஆர்மோனியந்தான் கூடியது. அந்த இரவை நான் மறக்கவில்லை.

காலம் மாறிவிட்டது. இன்றைய கையடக்கப் பதிவுக் கருவிகளில் நாடா இல்லை. விரல் நகத்தளவு நினைவக அட்டை உண்டு. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கின்றன. ஒரு தடத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபைட். எத்தனை முறை படியெடுத்தாலும் தேய்வதில்லை. கைபேசியிலேயே பல தடங்களில் பதிவு செய்யும் வசதியும் வந்துவிட்டது. எனக்கு மூன்று தடத்தைக் கலந்து அழிக்க நேர்ந்தது போன்ற நெருக்கடி இன்றைய இளைஞருக்கு இல்லை.

கலந்ததைப் பிரிக்கவும் வழி பிறந்திருக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1970களின் இறுதியில் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே ஒரு பாட்டைக் கேசட்டில் பாடி வைத்திருந்தார். 1980 இல் அவர் கொல்லப்பட்டார். 1995 இல் அவருடைய தோழர்கள் அதை முழுப் பாட்டாக்க முயன்று, குரலையும் பியானோவையும் பிரிக்க முடியாமல் கைவிட்டனர். பின்னர் கணினிக்குக் குரலையும் வாத்தியத்தையும் வேறுபடுத்தக் கற்பித்து, அந்தக் குரலைத் தனியே எடுத்து, 2023 நவம்பரில் அப்பாட்டை வெளியிட்டனர்.

அச்செய்தியைக் கேட்டதும் என் கேசட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நண்பர் ஒருவரின் மகன் அதைக் கணினியில் ஏற்றிப் பிரித்துக் கொடுத்தான். ஆர்மோனியம் மறைந்தது, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் என் தாயின் குரல் தனியே வந்தது. அழுதேன். ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது குறை தெரிந்தது. ஆர்மோனியமும் குரலும் ஒரே சுரத்தில் நின்ற இடங்களில் குரலின் ஒரு பகுதியும் கரைந்து போயிருந்தது. பாட்டுக்கிடையே அவர் மூச்சு வாங்கியதும், கையசைக்கையில் வளையல் உரசியதும் என் நினைவில் இருந்தன. அவற்றைக் கணினி குரலென்று எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு திரும்பி வந்தது. பாடியவர் இருந்த அறை திரும்பி வரவில்லை.

அந்த இளைஞன் நல்லெண்ணத்தோடு ஒன்று சொன்னான்: "பாட்டியோட குரல் மாதிரியே கம்ப்யூட்டர்ல உருவாக்கி, விட்டுப்போன இடத்தையும் நிரப்பிரலாம் மாமா. பின்பாட்டுகூடப் பாட வைக்கலாம்." இது கற்பனைப் பேச்சன்று. 2024 இல் வெளிவந்த லால் சலாம் படத்தின் பாட்டொன்றில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை, குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் அளித்து, ஏ. ஆர். ரஹ்மான் கணினி வழியே பயன்படுத்தியிருக்கிறார். முறையாகச் செய்யப்பட்ட காரியம் அது. ஆயினும் என் தாயின் வகையில் நான் மறுத்துவிட்டேன். வாங்கிப் பாட ஆளில்லாமல் பாட மாட்டேன் என்று உயிரோடிருந்தபோது சொன்னவரை, இறந்த பின் தனக்குத்தானே வாங்கிப் பாட வைக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. இந்த முடிவு சரியா என்பதை அறிஞர்களாகிய உங்கள் சிந்தனைக்கு விடுகிறேன்.

கவிஞர் பெருமக்களே, இறுதியாகச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, நீங்கள் எழுதுவதை நீங்களே பாடிப் பதிந்து கேளுங்கள். ஒரு தடத்தில் தாளத்தையும் மற்றொன்றில் சுருதியையும் வைத்து அதன் மேல் உங்கள் வரிகளைப் பாடிப் பாருங்கள். மிகையான சீர் எது, மூச்சு முட்டும் இடம் எது என்பதை எந்தத் திறனாய்வாளரையும்விட நேர்மையாக அது காட்டிவிடும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முன் பதிந்ததை ஹெட்போனில் மட்டுமே கேளுங்கள். இல்லையேல் அது மைக்குக்குள் மீண்டும் புகும். சிவப்பு விளக்கு எரியுமளவு ஒலியை ஏற்றாதீர்கள்; உடைந்த ஒலியைப் பிறகு ஒட்ட முடியாது.

இரண்டாவது, வீட்டுக் கருவியைக் குறைவாக எண்ணாதீர்கள். 1992 இல் ரோஜாவின் இசை உருவானது, ரஹ்மான் தம் வீட்டையொட்டி 1989 இல் அமைத்துக்கொண்ட கூடத்தில்தான். இடம் சிறிதாயிருப்பது குறையன்று.

மூன்றாவதுதான் நான் இங்கு வந்ததற்கே காரணம். உங்கள் வீட்டில், தெருவில், தோட்டத்தில் பாடத் தெரிந்த பெரியவர் ஒருவரேனும் இருப்பார். இந்த வாரமே போய்ப் பதிவு செய்யுங்கள். இயன்றவரை அவரை வாங்கிப் பாடுபவர்களோடு சேர்த்து உட்கார வையுங்கள். பக்க வாத்தியம் எதுவும் சேர்க்காமல் அந்தப் பதிவை அப்படியே தனித் தடமாக, இரண்டு படிகளெடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். பிறகு அதன் படியின் மேல் உங்கள் ஆர்மோனியத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வாசியுங்கள். மூலத்தை மட்டும் தொடாதீர்கள்.

பச்சைக் காய் ஐந்து கிலோவை ஸ்டோரில் உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு கிலோதான் நிற்கும். உலர்ந்ததைச் சலித்துத் தரம் பிரிக்கலாம். மீண்டும் பச்சையாக்க முடியாது. நாற்பது ஆண்டுகள் அந்தக் கணக்கை எழுதியவனுக்குத் தன் வீட்டுக் கணக்கு புரியாமற் போனது.

நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் வெளியிடும் தொகுப்புகளோடு, இம்மலைச்சரிவின் குரல்களின் தொகுப்பு ஒன்றும் சேர வேண்டும் என்பது என் விண்ணப்பம். அதற்கு என் பங்காக, என்னிடமுள்ள கருவியையும், ஆர்மோனியத்தோடு கலந்துபோன அந்த ஏழு நிமிடப் பாட்டையும் வட்டத்திடம் ஒப்படைக்கிறேன். பிரித்தெடுத்த பதிவையன்று, கலந்த பதிவையே தருகிறேன். நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.